15 கிலோ டின்னில் எத்தனை லிட்டர் எண்ணெய் வரும்? கிலோ–லிட்டர் கணக்கும் பாட்டிலில் அடைப்பதும்

புதுக்கடை கேட்டது:

வணக்கம். காங்கேயம் பக்கத்துச் செக்கு ஆலையிலிருந்து கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் டின்னாக எடுத்து, 1 லிட்டர், அரை லிட்டர், 200 மி.லி. பாட்டில்களில் அடைத்து விற்கப் போகிறோம். ஆலையில் விலை கிலோவுக்கு. வாடிக்கையாளர் கேட்பதோ லிட்டரில்.

1. 15 கிலோ டின்னில் சரியாக எத்தனை லிட்டர் வரும்? 15 என்கிறார் ஒருவர், 16 என்கிறார் ஒருவர், பதினாறரை என்கிறார் இன்னொருவர்.
2. கிலோ விலையை லிட்டர் விலையாக எப்படி மாற்றுவது?
3. லிட்டர் அளவையால் ஊற்றி அடைப்பதா, தராசில் வைத்து அடைப்பதா?
4. லேபிளில் எந்த அளவைப் போட வேண்டும்?
5. வயதானவர்கள் சிலர் இன்னும் "ஒரு படி", "உழக்கு" என்று கேட்கிறார்கள். அது எத்தனை மி.லி.?

அனுபவமுள்ளவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தெளிவெண்ணெய் பதில்:

முதல் கேள்வியில் பதினாறரை சொன்னவர் கணக்குத்தான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பது தண்ணீருக்கு. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மேலே மிதக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டரின் எடை சுமாராக இப்படி வரும்:

கடலை எண்ணெய் 908–912 கிராம்
நல்லெண்ணெய் 912–916 கிராம்
தேங்காய் எண்ணெய் 914–918 கிராம்
விளக்கெண்ணெய் 952–956 கிராம்

வியாபாரத்தில் முதல் மூன்றுக்கும் 910 என்று வைத்துக்கொள்கிறார்கள். 15 ÷ 0.91 = 16.48 லிட்டர். விளக்கெண்ணெயை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை 910 என்று அடைத்தால் லிட்டருக்கு 45 மி.லி.க்கு மேல் குறையும்.

விலை: கிலோ விலையை 0.91ஆல் பெருக்கினால் லிட்டர் விலை. கிலோ ₹200 என்றால் லிட்டர் ₹182. லிட்டர் விலையிலிருந்து கிலோ விலைக்குப் போக 0.91ஆல் வகுக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு லாபம் எங்கே போனது என்று தேடுகிற கடைகள் நிறைய. நினைவில் வைக்க ஒரே வழி: எண்ணெயைப் பொறுத்தவரை லிட்டர் விலை எப்போதும் கிலோ விலையைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

டின் வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. "பதினைஞ்சு டின்" என்று வாயால் சொல்லி வாங்கினால், கிலோ ₹200 கணக்கில் டின்னுக்கு ₹270 கையை விட்டுப் போகும். பில்லில் கிலோ என்று எழுதி வாங்குங்கள். வந்ததும் டின்னோடு எடை போட்டு, காலியான பிறகு டின்னை மட்டும் எடை போட்டுக் கழியுங்கள். காலி டின் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், ஆனால் தகடு கனத்துக்கேற்ப மாறும். ஊகிக்க வேண்டாம்.

இன்னொன்று. 16.48 லிட்டர் என்பது காகிதக் கணக்கு. 16 ஒரு லிட்டர் பாட்டில் அடைத்தால் 14.56 கிலோ போய்விடும், மிச்சம் 440 கிராம். அரை லிட்டர் பாட்டிலுக்கு 455 வேண்டும், ஆக அது நிறையாது. டின் சுவரில் ஒட்டுவது வேறு. அதனால் இரண்டு டின்னாக எடுத்து அடையுங்கள்: 32 ஒரு லிட்டர், ஒரு அரை லிட்டர், இரண்டு 200 மி.லி. (ஒன்று 182 கிராம்) போக 60 கிராம் சொச்சம் மிஞ்சும். அதுதான் ஒட்டலுக்கும் சிந்தலுக்கும். டின்னை ஒரு மூலை கீழே இருக்கும்படி சாய்த்துக் கவிழ்த்து அரை மணி நேரமாவது வடிய விடுங்கள்.

செக்கு எண்ணெயில் மண்டியையும் (அடியில் தங்கும் கசடு) பார்க்க வேண்டும். தெளியாத எண்ணெயை எடை போட்டு வாங்கினால் மண்டிக்கும் எண்ணெய் விலை கொடுக்கிறீர்கள். டின்னைக் குலுக்காமல் ஒரு நாள் வைத்து, மேலிருந்து சாய்த்து ஊற்றிக் கடைசியில் நிற்பதை எடை போட்டுப் பாருங்கள். அந்த எண்ணோடு ஆலையில் பேசினால் பேச்சு சுலபமாக முடியும்.

---

முத்திரைத்தராசு பதில்:

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குச் சொல்கிறேன்.

எடை போட்டு அடையுங்கள். லிட்டர் அளவையால் ஊற்றுவதில் மூன்று இடத்தில் தவறு வரும். எண்ணெய் வெப்பத்துக்கேற்ப விரியும், சுருங்கும். அளவையின் உள்சுவரில் ஒட்டியது முழுதாக இறங்காது. வேகமாக ஊற்றினால் நுரையும் அளவில் சேர்ந்துகொள்ளும். தராசுக்கு இந்த மூன்றும் ஒரு பொருட்டே இல்லை.

முறை: காலி பாட்டிலைத் தராசில் வைத்து டேர் அழுத்திப் பூஜ்ஜியமாக்குங்கள். கடலை எண்ணெய் என்றால் 910 கிராம் வரும்வரை ஊற்றுங்கள். மூடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில் ஒரே கட்டில் வந்தது என்றால் எடை அதிகம் மாறாது, ஆனாலும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் டேர் போடும் பழக்கம் நல்லது. கண்ணாடி பாட்டில் என்றால் கட்டாயம், அதில் ஒன்றுக்கொன்று பல கிராம் வித்தியாசம் வரும்.

தராசு முக்கியம். கடையில் இருக்கும் 30 கிலோ தராசு ஐந்தைந்து கிராமாகத்தான் நகரும். 200 மி.லி. பாட்டிலுக்கு அது ஆகாது. ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சின்னத் தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை சட்டமுறை எடையளவுத் துறையில் சரிபார்த்து முத்திரை போட வேண்டும். எடைக்கற்களுக்கும் லிட்டர் அளவைகளுக்கும் 24 மாதம். முத்திரைச் சான்றைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள்.

லேபிள்: "நிகர அளவு: 1 லிட்டர் (910 கிராம்)" என்று இரண்டையும் போடுங்கள். வெப்பநிலை எதையும் போட வேண்டாம். முன்பு சிலர் "60 டிகிரியில் 1 லிட்டர்" என்று போட்டு அடைத்தார்கள். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். நம் ஊரில் யார் வீட்டு அலமாரியிலும் எண்ணெய் 60 டிகிரியில் இருப்பதில்லை. அந்த 26 கிராம் வரையான குறைவு நேராக வாங்குகிறவர் தலையில்தான் விழுந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சேர்த்துப் போடச் சொன்னது. திருத்திக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. சரியான முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

லேபிளில் அதிகபட்ச சில்லறை விலை, அலகு விலை, அடைத்த மாதம்–வருடம், அடைத்தவர் பெயர், முகவரி, புகார் தொடர்பு எல்லாம் வேண்டும். அலகு விலை என்பது லிட்டருக்குக் குறைந்த பாட்டிலில் மி.லி.க்கு இவ்வளவு, லிட்டருக்கு மேல் போனால் லிட்டருக்கு இவ்வளவு. அடைப்பவராக சட்டமுறை எடையளவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும், தொழில் தொடங்கி 90 நாளுக்குள். உணவுப் பாதுகாப்பு உரிமம் தனி. சமையல் எண்ணெயை அடைக்காமல் உதிரியாக விற்க உணவுப் பாதுகாப்பு விதி தடை சொல்கிறது என்பதால், பாட்டிலில் அடைத்து விற்பது என்று நீங்கள் எடுத்த முடிவு நல்லது.

ஒரு லிட்டர் பாட்டிலில் 15 மி.லி. வரை பிழை பொறுக்கப்படும். அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பாட்டிலையும் 10 மி.லி. குறைத்து அடைக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். நடக்காது. ஆய்வில் பல பாட்டில்களை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள், சராசரி குறையவே கூடாது.

---

புதுக்கடை:

மிக்க நன்றி இருவருக்கும். ஒரு சந்தேகம். ஆலையில் எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுகிறார்கள். மதியம் வாங்கி வரும்போது டின் தொட்டாலே சுடுகிறது. அதை அப்படியே லிட்டர் அளவையால் ஊற்றிப் பார்த்தால் மறுநாள் காலையில் எல்லாப் பாட்டிலிலும் மட்டம் இறங்கி இருக்கிறது. ஆவியாகிப் போகுமா?

---

குடுவை பதில்:

எண்ணெய் அந்த வெப்பத்தில் ஆவியாகாது. சுருங்கி இருக்கிறது, அவ்வளவுதான். டிகிரிக்கு, லிட்டருக்கு, ஏறத்தாழ 0.7 மி.லி. சுருங்கும். 45 டிகிரியில் ஊற்றிய ஒரு லிட்டர், 30 டிகிரிக்கு வரும்போது 989 மி.லி. ஆகிவிடும். எடையாகப் பார்த்தால் 910க்குப் பதில் 900 கிராம்தான் உள்ளே இருக்கிறது. வாடிக்கையாளருக்கு 10 கிராம் குறைகிறது. மார்கழி விடியலில் 20 டிகிரியில் ஊற்றினால் தலைகீழ்: 917 கிராம் போகும், உங்களுக்கு 7 கிராம் நஷ்டம். எடையால் அடைத்தால் காலை, மதியம், கோடை, பனி எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் பாட்டிலின் கழுத்தில் இடம் விடுங்கள். 25 டிகிரியில் கழுத்துவரை நிரப்பி மூடிய பாட்டில், வண்டியில் போகும்போது 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 14 மி.லி. விரியும். மூடி கசிவதும் லேபிள் எண்ணெயில் ஊறுவதும் இதனால்தான். விளிம்புவரை நிரப்பினால் 1,030 மி.லி.யாவது பிடிக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு பாட்டிலைத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி எடை போட்டாலே தெரிந்துவிடும்.

910 என்ற எண்ணை நீங்கள் வாங்கும் எண்ணெயிலேயே சரிபார்க்கலாம். ஆய்வகம் தேவையில்லை:

கழுத்துக் குறுகிய கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுங்கள். கழுத்தில் ஒரு கோடு போடுங்கள். குறுகிய கழுத்து ஏன் என்றால், அங்கே மட்டம் ஒரு மி.மீ. தவறினாலும் அளவு அதிகம் மாறாது. அகலமான பாத்திரத்தில் அதே ஒரு மி.மீ. பல மி.லி. ஆகிவிடும். காலி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கோடுவரை ஊற்றி எடை போடுங்கள். மட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர்ப் பரப்பு வளைந்து தெரியும் இடத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டி பாட்டிலை நன்றாக உலர்த்துங்கள். ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது. தண்ணீர் அடியில் தங்கி எண்ணெயின் இடத்தைப் பிடித்து, விடையை உயர்த்திக் காட்டும். எண்ணெயை ஓரமாகச் சரித்து ஊற்றி, குமிழ் அடங்கும்வரை விட்டு, அதே கோடுவரை நிரப்பி எடை போடுங்கள்.

உதாரணம்: தண்ணீர் மட்டும் 1,003 கிராம். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 995.7 கிராம் என்பதால் பாட்டிலின் கொள்ளளவு 1,003 ÷ 0.9957 = 1,007.3 மி.லி. எண்ணெய் மட்டும் 917 கிராம். 917 ÷ 1,007.3 = 0.910. தண்ணீரும் எண்ணெயும் ஒரே அறையில் சில மணி நேரம் இருந்து ஒரே வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை ஒவ்வொரு லோடுக்கும் செய்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கடலை எண்ணெய் என்று சொல்லி வந்தது திடீரென்று 0.92, 0.93 காட்டினால் உஷாராகலாம். ஆனால் 0.91 காட்டினால் கலப்படம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பாமாயிலும் சூரியகாந்தியும் இதே பக்கத்தில்தான் நிற்கும்.

"ஒரு லிட்டர் = ஒரு கிலோ" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1901 முதல் 1964 வரை லிட்டருக்கு வரையறையே அதுதான்: ஒரு கிலோ தண்ணீர், அது மிக அடர்ந்து இருக்கும் வெப்பத்தில் (4 டிகிரி அருகே) பிடிக்கும் இடம். அது ஒரு கன டெசிமீட்டரைவிட (10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம்) 0.028 மி.லி. கூடுதலாகப் போனதால், 1964இல் லிட்டர் என்றால் சரியாக ஒரு கன டெசிமீட்டர் என்று மாற்றினார்கள். கடைக்கு இதனால் ஒன்றும் மாறாது.

---

நாழிக்கணக்கு பதில்:

ஐந்தாவது கேள்வியை யாரும் தொடவில்லை. வாய்ப்பாடு இது:

5 செவிடு = 1 ஆழாக்கு
2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி (படி)
8 நாழி = 1 குறுணி (மரக்கால்)
2 குறுணி = 1 பதக்கு
2 பதக்கு = 1 தூணி
3 தூணி = 1 கலம்

விகிதத்தில் குழப்பம் இல்லை. படி எவ்வளவு என்பதில்தான் குழப்பம். சித்த மருந்துச் செய்முறைகளை இன்றைய அளவுக்கு மாற்றும்போது ஆழாக்கு 168 மி.லி., உழக்கு 336, உரி 672, படி 1.344 லிட்டர் என்று கொள்கிறார்கள். பிரிட்டிஷ் காலச் சென்னைப் படியோ 100 கன அங்குலம், அதாவது 1.64 லிட்டர். அதன்படி ஆழாக்கு 205 மி.லி. ஊருக்கு ஊர் பெரிய படி, சின்னப் படி என்று வேறு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுத்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று சொல்லும்போது, எந்த அளவையால் என்பதையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள்: 'ஆடவல்லான்' என்னும் மரக்கால். அளவையின் பெயரைச் சொல்லாவிட்டால் உழக்கு என்ற சொல்லை மட்டும் வைத்து யாரும் கணக்குக் கேட்க முடியாது.

தைலம் காய்ச்ச "நல்லெண்ணெய் உழக்கு" என்று கேட்டு வருகிறவருக்கு 336 மி.லி., தராசில் 307 கிராம் கொடுக்கலாம். ஏட்டில் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரே படியைச் சொல்லியிருந்தாலும், தானியத்தைக் கோபுரமாகக் குவித்தும் அளப்பார்கள், தலைதட்டியும் அளப்பார்கள். எண்ணெய்க்குக் குவியல் கிடையாது, விளிம்பு மட்டம்தான். ஆகவே "ஒரு படி அரிசிக்கு ஒரு படி பால்" மாதிரிப் பழைய குறிப்புகளில் அரிசி குவித்ததா தட்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயை எடையால் கொடுத்த பழக்கமும் உண்டு. பலம் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. ஒரு வீசை கடலை எண்ணெய் இன்றைய கணக்கில் 1.54 லிட்டர்.

பேச்சில் படி என்று சொல்லலாம். பில்லிலோ பலகையிலோ படி என்று எழுதி விற்றால் சட்டப்படி தவறு. மெட்ரிக் அளவுதான் செல்லும்.

---

புதுக்கடை:

அருமைங்க. கடைசியாக இரண்டு கேள்வி. அடுத்து தேனும் நாட்டு மாட்டு நெய்யும் வைக்கலாம் என்று இருக்கிறோம், அவற்றுக்கும் 910தானா? தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்த பிறகு பாட்டில் மட்டம் குறைவாகத் தெரிகிறது என்று புகார் வந்தால் என்ன சொல்வது?

---

தெளிவெண்ணெய் பதில்:

நெய் லிட்டருக்கு 905–910 கிராம், உருகிய நிலையில். பல பாக்கெட்டுகளில் 905 என்றே போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தேன் முற்றிலும் வேறு: லிட்டருக்கு 1.4 கிலோ. ஒரு கிலோ தேன் 710 மி.லி. சொச்சம்தான் வரும். ஒரு கிலோ தேனை லிட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் கால்வாசிக்கு மேல் காலியாகத் தெரிந்து சண்டை வரும். தேனுக்கு 750 மி.லி. கொள்ளும் பாட்டில் வாங்குங்கள், லேபிளில் கிராம் மட்டும் போடுங்கள், விலையும் கிலோவுக்கே சொல்லுங்கள்.

பால் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது தண்ணீரைவிடக் கனம்: லிட்டருக்கு சுமார் 1.03 கிலோ. 100 கிலோ பால் 97 லிட்டர்தான். எண்ணெய்க்குப் போட்ட கணக்கை அப்படியே பாலுக்குப் போட்டால் தலைகீழாகப் போகும். கறந்த சூட்டில் நுரையோடு லிட்டரில் அளப்பதால்தான் பால் சங்கங்களில் தகராறு. நுரை அடங்க விட்டு எடை போட்டு 1.03ஆல் வகுப்பது நியாயமான முறை.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். உறையும்போது சுருங்கும், நடுவில் குழி விழும், மட்டம் நிச்சயம் இறங்கும். எடை ஒரு கிராமும் குறையாது. பாட்டிலோடு வந்தால் தராசில் வைத்துக் காட்டுங்கள். காலி பாட்டில், மூடி இரண்டின் எடையும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டிப் பயனில்லை. உறைந்த எண்ணெயை ஒருபோதும் கரண்டியால் அள்ளி லிட்டர் அளவையில் நிரப்பாதீர்கள். இடையில் காற்று புகுந்து எவ்வளவு குறையும் என்றே சொல்ல முடியாது. டின்னை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி முழுதும் உருக்கி, மேலும் கீழும் ஒரு கிளறு கிளறி, பிறகு எடையால் அடையுங்கள். அரைகுறையாக உருகியதை ஊற்றினால் முதலில் உருகிய பகுதி முதல் பாட்டில்களுக்கும், கட்டிப்படும் பகுதி கடைசிப் பாட்டில்களுக்கும் போய்விடும். பிறகு ஒரே டின்னில் அடைத்த பாட்டில்களில் ஒன்று உறைந்தும் ஒன்று தெளிந்தும் நிற்கும், கலப்படம் என்று அடுத்த புகார் வரும்.

---

முத்திரைத்தராசு பதில்:

மேலே சொன்னதோடு ஒன்று: வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த டின்னின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டுச் சாயுங்கள். அடிவிளிம்பில் நிற்கும் தண்ணீர் புனலில் விழுந்தால் எடையிலும் சேரும், எண்ணெயும் சீக்கிரம் காறும்.